தோட்டம் மாறியது, உயிர்களும் மாறின



நான் கெடா மாநிலத்தின் மெர்போக் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எங்கள் ஊர்ப் பெயரே ஒரு பறவையின் பெயர்தான். மலாய் மொழியில் மெர்போக் என்பது கோடு கோடாக வரியிட்ட ஒரு சிறு புறாவைக் குறிக்கும். அதன் இனிய குரலுக்காக அதைக் கூண்டில் வளர்ப்பதும், உயரமான கம்பங்களில் கூண்டுகளை ஏற்றிக் குரல் போட்டி நடத்துவதும் வடமாநிலங்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம்.

இந்தப் புறா அடர்ந்த காட்டில் வாழ்வதில்லை. வெட்டவெளியும் புல்தரையும் வீட்டு முற்றமுமே அதற்குப் பிடித்த இடங்கள். மனிதன் காட்டை வெட்டி வீடு கட்டிய இடத்திற்கெல்லாம் அது பின்னாலேயே வந்தது. 1922-ஆம் ஆண்டில் இதே புறாவைக் கப்பலேற்றி ஹவாய்த் தீவுகளுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கும் அது தளராமல் பெருகியது. இன்று அந்தத் தீவுகளில் சாப்பாட்டு மேசையின் காலடியில் சோற்றுப் பருக்கை பொறுக்கும் பறவையாக அது இருக்கிறது.

புதிய இடத்தில் புதிய முறையில் வாழக் கற்றுக்கொள்ளும் இந்தத் திறனைத் தகவமைப்பு என்கிறோம். எல்லா உயிர்களுக்கும் இது ஒரே அளவில் அமைவதில்லை. ஒரே இனத்திற்குள்ளும் ஒன்று போல் மற்றொன்று நடந்துகொள்வதில்லை. நம் தோட்டங்களின் நூற்றாண்டு வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் இன்று சற்றுப் பார்ப்போம். துரைமார்களின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடும் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. நம்மோடு அதே மண்ணில் வாழ்ந்த காக்கை, எலி, ஆந்தை, குரங்கு ஆகியவற்றின் வரலாறு நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுவதில்லை.

1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. தென் அமெரிக்காவிலிருந்து லண்டன் வழியாக வந்த அந்தக் கன்றுகளின் வழித்தோன்றல்களே பிறகு மலாயா முழுவதும் பரவின. அந்த மரத்திற்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. காட்டை வெட்டவும், நடவும், பால் எடுக்கவும் நம் முன்னோர்கள் தமிழகத்திலிருந்து கப்பலில் கொண்டு வரப்பட்டார்கள்.

காடு விழுந்தபோது அங்கிருந்த உயிர்களுக்கு மூன்று வழிகளே இருந்தன. ஒன்று, எஞ்சியிருந்த காட்டுக்குள் ஒதுங்குவது. இரண்டு, மடிந்து போவது. மூன்று, புதிய நிலத்திற்கேற்ப உணவையும் உறக்கத்தையும் நடமாட்டத்தையும் மாற்றிக்கொள்வது. மூன்றாவது வழியில் சென்றவற்றைத்தான் இன்றும் நாம் லயத்து வாசலில் காண்கிறோம்.

முதலில் காக்கையை எடுத்துக்கொள்வோம். கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் வீட்டுக் காக்கை இந்நாட்டின் பூர்வீகப் பறவை அன்று. 1890-களில் கிள்ளான் பகுதியில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பிச் செடியின் இலைகளைக் கம்பளிப்பூச்சிகள் தின்று தீர்த்தன. அவற்றை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். காப்பித் தோட்டங்கள் வெகுகாலம் நிலைக்கவில்லை. ஆனால் காக்கை நிலைத்துவிட்டது. எந்த வேலைக்காக அழைத்து வந்தார்களோ அந்த வேலை முடிந்த பிறகு, அது சந்தைக்குப் போனது, துறைமுகத்திற்குப் போனது, குப்பை மேட்டிற்குப் போனது. பூச்சி தின்ன வந்த பறவை சோறும் மீன்தலையும் தின்னக் கற்றுக்கொண்டது. நகராண்மைக் கழகங்கள் அதைச் சுட்டுத் தள்ள ஆள் வைத்தும் அது குறைந்தபாடில்லை.

நேயர்களே, வேலைக்கென்று கடல் கடந்து அழைத்து வரப்பட்டு, வேலை முடிந்ததும் வேண்டாதவராகிப் போவது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

அடுத்து, செம்பனையின் வரலாற்றுக்கு வருவோம். சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டில் செம்பனை முதன்முதலாக வாணிப நோக்கோடு நடப்பட்டது. 1960-களுக்குப் பிறகு ரப்பர் விலை தளர்ந்தபோது, தோட்டம் தோட்டமாகப் பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலைகளாக வரும். மகரந்தத்தைக் காற்றே கொண்டு சேர்க்கும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். ஆனால் மலாயாவில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. ஆகவே மனிதக் கையே அந்த வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று.

என் தாயார் இளம்பெண்ணாக இருந்தபோது செய்த வேலை அதுதான். மகரந்தப் பொடியை முகப்பவுடர் மாவோடு கலந்து ஒரு குப்பியில் அடைத்துக் கொடுப்பார்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, மரம் மரமாகச் சென்று, மலர்ந்திருக்கும் பெண் பூவைத் தேடி அதன்மேல் ஊத வேண்டும். இன்று மலராத பூ நாளை மலரும். ஆகவே அதே மரத்திற்கு மீண்டும் மீண்டும் போக வேண்டும். “பூவுக்கு மாவு ஊதுற வேலை” என்று அம்மா சொல்வார். நாடு முழுவதும் இவ்வேலையைச் செய்தவர்களில் பெண்களே மிகுதி.

கேமரூன் நாட்டில் ஒருவரும் மாவு ஊதாமலேயே செம்பனை நன்றாகக் காய்த்தது. அங்கே பணியாற்றிவிட்டு மலேசியாவுக்கு வந்த லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி இதைக் கவனித்தார். இதை ஆராயும் பொறுப்பு ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1970-களின் இறுதியில் கேமரூனில் ஆராய்ந்து, காய் பிடிப்பதற்குக் காற்றை விட ஒரு சிறிய கூன்வண்டே முக்கியக் காரணம் என்று காட்டினார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளமே உள்ள வண்டு அது. ஆண் பூ சோம்பு போன்ற ஒரு மணத்தை வீசும். அம்மணத்தைத் தேடி வண்டு வரும், அங்கேயே தின்னும், முட்டையிடும். பெண் பூவும் அதே மணத்தைச் சிறிது நேரம் வீசும். ஏமாந்து அங்கே செல்லும் வண்டின் உடலில் ஒட்டியிருக்கும் மகரந்தம் பெண் பூவில் சேரும்.

1980-ஆம் ஆண்டில் அந்த வண்டு மலேசியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. வேறு பயிர்களைக் கெடுக்குமா என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜொகூர் மாநிலம் குளுவாங் பகுதியில் மாமோர் தோட்டத்தில் அதைத் திறந்து விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குள் அது தீபகற்பம் முழுவதும் பரவிவிட்டது. காய் பிடிப்பு வெகுவாக உயர்ந்தது. மாவு ஊதும் வேலை இல்லாமற் போயிற்று.

இது அறிவியலின் பெரிய வெற்றி. அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சிறு வண்டு வந்த கதையில், குப்பியைக் கீழே வைத்த பெண்களின் கதையும் அடங்கியிருக்கிறது. என் தாயார் பிறகு உதிரிப் பழம் பொறுக்கப் போனார். உரம் போடப் போனார். புல்லுக்கு மருந்தடிக்கப் போனார். புதிய வேலையைக் கற்றுக்கொள் என்றார்கள்; கற்றுக்கொண்டார். அதையும் தகவமைப்பு என்றே சொல்ல வேண்டும்.

இனி எலியின் கதை. பால்மரத் தோட்டத்தில் எலிக்குக் கிடைத்த தீனி குறைவு. செம்பனையோ ஆண்டு முழுவதும் எண்ணெய் வழியும் பழத்தைத் தருகிறது. வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் நல்ல மறைவிடமாகிறது. காட்டோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழ்ந்த மர எலி, செம்பனைக்குள் புகுந்ததும் ஒரு ஹெக்டருக்கு இருநூறுக்கும் மேலாகப் பெருகியது. பழத்தைக் கொறித்தது. 1981-க்குப் பிறகு அது இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. ஆண் பூக்குலையைப் பிய்த்து, உள்ளே இருக்கும் கூன்வண்டின் புழுக்களைத் தின்னத் தொடங்கியது. அந்த வண்டை எலியின் பாட்டனும் கண்டதில்லை, முப்பாட்டனும் கண்டதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த உணவைச் சில ஆண்டுகளில் கண்டுபிடித்துவிட்டது.

எலியை ஒழிக்க வார்ஃபரின் என்ற நஞ்சை வைத்தார்கள். இது 1948 முதல் உலகெங்கும் எலிமருந்தாகப் பயன்பட்டு வந்தது. இரத்தம் உறையாமல் செய்து கொல்லும் மருந்து. பத்தாண்டுகளில், 1958-ல், ஸ்காட்லாந்தில் இம்மருந்துக்குச் சாகாத எலிகள் காணப்பட்டன. 1980-களில் நம் நாட்டுத் தோட்டங்களிலும் அப்படிப்பட்ட எலிகள் தென்பட்டன.

மாணவர்களே, இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். எலி புழுவைத் தின்னப் பழகியது ஒரு வகை; அது நடத்தையில் வந்த மாற்றம். ஓர் எலி தன் வாழ்நாளிலேயே அதைப் பழகிக்கொள்ளலாம். நஞ்சுக்குச் சாகாமல் இருப்பது வேறு வகை. அதை எந்த எலியும் முயன்று கற்கவில்லை. பிறக்கும்போதே சில எலிகளின் உடல் அமைப்பு மற்றவற்றிலிருந்து சற்று வேறுபட்டிருந்தது. நஞ்சு வந்தபோது மற்றவை மடிந்தன. அந்தச் சில பிழைத்தன. அவற்றின் குட்டிகளே பெருகின. ஆகவே ஓர் இனத்திற்குள் வேறுபாடு இருப்பது குறை அன்று. எதிர்பாராத ஆபத்து வரும் நாளில் அந்த இனத்தைக் காப்பாற்றுவது அதுவே.

எலி பெருகிய இடத்தில் ஆந்தை வந்தது. முகம் வெள்ளையாக, இதய வடிவில் இருக்கும் கூகை அது. 1960-களுக்கு முன் மலாயாவில் இப்பறவையைக் காண்பது அரிது. 1968-ல் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது கூடு வைத்துக் குஞ்சு பொரித்தது பதிவாகியுள்ளது. அதன்பின் செம்பனையைத் தொடர்ந்தே அது தீபகற்பத்தில் பரவியது.

கூகையின் வேட்டை முறை வியப்புக்குரியது. அதன் இரு காதுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலும் மற்றது சற்றுக் கீழும் அமைந்துள்ளன. ஒலி இரு காதுகளையும் அடையும் விதத்தில் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டே, இருட்டில் எலி இருக்கும் இடத்தை அது துல்லியமாக அறிகிறது. சிறகின் ஓரம் மென்மையான சீப்பு போல் இருப்பதால் பறக்கும் ஓசை கேட்பதில்லை. எலி மிகுந்த காலத்தில் அது கூடுதலான முட்டையிடும். ஆண்டுக்கு இரு முறையும் குஞ்சு பொரிக்கும். எலி குறைந்தால் முட்டையும் குறையும். ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் ஏறத்தாழ ஆயிரம் எலிகளைத் தின்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கூகை தானாகக் கூடு கட்டாது. மரப்பொந்தோ, கட்டடத்தின் மூலையோ வேண்டும். செம்பனையில் பொந்து ஏது? உணவு நிறைய இருந்தும் குடியிருக்க இடமில்லை. ஆகவே தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன்மேல் பலகைப் பெட்டிகளை வைத்தார்கள். ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. பெட்டி வைத்த இடங்களில் கூகை பெருகியது. பின்னர் நெல்வயல்களிலும் இம்முறை பின்பற்றப்பட்டது. மலாய் மொழியில் இப்பறவைக்குப் ‘புங்குக் ஜெலாப்பாங்’ என்று பெயர். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். நாட்டின் நெற்களஞ்சியம் என்று புகழப்படும் கெடாவுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை வேறில்லை.

இவ்விடத்தில் ஓர் உண்மையை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், பள்ளிக் கூரைமேல் ஒரு கூகை சில இரவுகள் வந்து அமர்ந்தது. அதே வாரத்தில் லயத்தில் ஒரு முதியவர் காலமானார். “சாக்குருவி கத்திச்சு, ஆளைக் கொண்டுபோயிருச்சு” என்று பேசிக்கொண்டார்கள். மறுநாள் மாலை என் வகுப்பு மாணவர்கள் இருவர் கவண்கல்லால் அதை அடித்துக் கொன்று, வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார்கள். பெரியவர்கள் பாராட்டினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் உணவுச் சங்கிலி படித்தவன்தான். வரைபடத்தில் ஆந்தையை வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான். ஆனால் துக்க வீட்டார் முன்னிலையில் வாய் திறக்கத் துணிவு வரவில்லை.

அந்த ஆண்டு அந்தப் பறவை தின்னாமல் விட்ட எலிகளை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்த்தேன். நான்கு புத்தகங்களைப் படித்த நானே பேசாமல் இருந்தால், பிள்ளைகளுக்கு யார் சொல்வார்கள்?

அதன்பின் ஒரு வழக்கத்தைத் தொடங்கினேன். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கிவிடும். பெட்டிக்கு அடியில் அந்த உருண்டைகள் கிடக்கும். மாணவர்களைக் கையுறை அணியச் செய்து, உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரிக்கச் சொல்வேன். சின்னஞ்சிறு மண்டை ஓடுகளை எடுத்துத் தாளில் வரிசையாக வைத்து எண்ணுவார்கள். “சார், இதுலேயே மூணு எலி!” என்று ஒரு பிள்ளை கூவும். அன்று மாலை அந்தப் பிள்ளை தன் பாட்டியிடம் போய்ச் சொல்லும். நான் சொன்னால் நம்பாத பாட்டி, பேரன் சொன்னால் சற்று யோசிப்பார். மரணம் கூகையால் வருவதில்லை. இருட்டியபின் அது வீட்டருகே வருவது, வீட்டருகே எலி இருப்பதால்தான்.

குரங்கைப் பற்றியும் ஒரு சொல். பெரோக் எனப்படும் குட்டை வால் குரங்கைத் தென்னை ஏறித் தேங்காய் பறிக்கப் பழக்குவதை வடமாநிலத்தார் அறிவார்கள். செம்பனைத் தோட்டத்தில் அதைத் திருடன் என்றே விரட்டினோம். பேராக் மாநிலத்தில் செகாரி என்னும் இடத்தில் ஆய்வாளர்கள் இக்குரங்குகளைப் பல காலம் பின்தொடர்ந்து கவனித்து, 2019-ல் தம் முடிவை வெளியிட்டார்கள். அக்குரங்குகள் செம்பனை மட்டைகளின் இடுக்குகளைக் கையால் பிய்த்து, அங்கே பதுங்கியிருக்கும் எலிகளைப் பிடித்துத் தின்றன. ஒரு கூட்டம் ஆண்டுக்கு மூவாயிரம் எலிகள் வரை தின்னும் என்று மதிப்பிட்டார்கள். அவை தின்ற பழத்தால் ஏற்பட்ட இழப்போ ஒரு விழுக்காட்டிற்கும் குறைவு. பழமும் பூச்சியும் தேடும் காட்டுக் குரங்கு, தோட்டத்தில் எலி வேட்டைக்காரனாகியிருக்கிறது.

இவ்வளவும் கேட்டபின், எல்லா உயிர்களும் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய மரத்தின் பொந்தில் பெண் பறவை தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிக்கும் இருவாட்சிப் பறவைக்குச் செம்பனையில் இடமில்லை. காட்டில் வாழும் உயிரினங்களில் ஒரு சிறு பகுதியே தோட்டத்தில் வாழ முடிகிறது. நாம் தினமும் காண்பவை பிழைத்தவை மட்டுமே. பிழைக்காதவை நம் கண்ணில் படுவதில்லை. ஆகவே அவற்றை மறந்துவிடுகிறோம். மெர்போக் ஆற்றின் சதுப்புநிலக் காட்டைக் காக்க வேண்டும் என்பதும் இதனால்தான். சேற்றில் தத்தும் மீனும், வேரிடுக்கில் வாழும் நண்டும், ஆண்டுதோறும் வடதிசையிலிருந்து பறந்து வரும் கரைப்பறவைகளும் செம்பனைக்குக் குடிபெயர முடியாது.

நேயர்களே, நம் மக்களுக்கும் பல காலமாக ஓர் அறிவுரை சொல்லப்படுகிறது. தோட்டம் துண்டாடப்பட்டபோதும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், “காலத்திற்கேற்ப மாறிக்கொள்ளுங்கள்” என்றார்கள். மாறத்தான் வேண்டும். நம் மக்கள் மாறியும் இருக்கிறார்கள். பால் வெட்டிய கை சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் இயந்திரம் இயக்குகிறது. மாவு ஊதிய தாயின் மகன் வகுப்பறையில் நிற்கிறான்.

ஆனால் கூகையின் கதையை மறக்க வேண்டாம். அதற்குச் சிறகு இருந்தது, கூரிய காது இருந்தது, வேண்டிய அளவு எலியும் இருந்தது. இருந்தும் ஒரு பலகைப் பெட்டி கிடைத்த பிறகே அது பெருகியது. எவ்வளவு திறமை இருந்தாலும், தங்குவதற்கு ஓர் இடம் இல்லாமல் எந்த உயிரும் தன்னை மாற்றிக்கொள்ள முடியாது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெட்டி எது? சொந்தமாக ஒரு வீடு, நடந்து போகும் தூரத்தில் ஒரு பள்ளி, மாலையில் விளக்கடியில் உட்கார்ந்து படிக்க ஓர் மேசை. இவற்றைக் கொடுக்காமல் “நீ ஏன் முன்னேறவில்லை?” என்று பிள்ளையைக் கேட்பது நியாயமாகாது. இது பெற்றோருக்கும் பொருந்தும், ஆசிரியருக்கும் பொருந்தும், தோட்டத்தை நடத்துவோருக்கும் பொருந்தும்.

பெற்றோர்களுக்கு இறுதியாக ஒரு வேண்டுகோள். இன்றிரவு கூரைமேல் கூகை கத்தினால் பிள்ளையின் கையில் கல்லைக் கொடுக்காதீர்கள். அது எதைத் தேடி வந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள். அவன் பதில் சொல்வான்.